ஓரி போடவா, லோக்கல் போடவா?

“அண்ணே, ஓரி போடவா, லோக்கல் போடவா?”

பாரிட் புந்தாரில் காரைப் பட்டறைக்குள் விட்ட எல்லாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். கார் ஜேக்கின் மேல் நிற்கும். கழற்றிப் போட்ட பழைய சாமான் கண்ணெதிரே கிடக்கும். போர்மேன் உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டு விலை கேட்டுக்கொண்டே நம் முகத்தைப் பார்ப்பார். ஓரிக்கு ஒரு விலை, அதைவிடக் குறைவாக ஓஇஎம், அதற்கும் கீழே தைவான், இன்னும் இறங்கினால் பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி. யோசிக்கக் கிடைப்பது அரை நிமிடம். அதற்குள் பர்ஸில் என்ன மிச்சம், சம்பளத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசு கணக்குப் போட்டுவிடும்.

அப்படிக் கணக்குப் போடுவதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியானது. பாரிட் புந்தார் பேராவின் வடமேற்கு மூலை. ஊருக்கு வெளியே கெடாவும் பினாங்கும் கூப்பிடு தூரம். தாத்தா காலத்தில் கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள், பிறகு ரப்பர் வெட்டியவர்கள், அப்புறம் செம்பனைக்கு மாறியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நிபோங் திபால், பத்து காவான், பிறை என்று தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்கு ஏற்ற நேரத்தில் பஸ் கிடையாது. கார் நின்றால் அன்றைய சம்பளமும் நிற்கும். அதனால் உதிரிபாகத்தின் விலையும் முக்கியம், அது எத்தனை நாள் உழைக்கும் என்பது அதைவிட முக்கியம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் ஓரிதான் என்பவர் காசை வீணாக்குகிறார். எல்லாவற்றுக்கும் மலிவுதான் என்பவர் ஒருநாள் காரையே இழப்பார். எந்தச் சாமானுக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாம்.

பெட்டிக்குள் யார்?

கார் கம்பெனிகள் காரின் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. ஸ்பார்க் பிளக்கை என்ஜிகே செய்யும், ரேடியேட்டரை டென்சோ செய்யும், கிளட்சை எக்செடி செய்யும், பேரிங்கை கோயோவோ என்எஸ்கேயோ செய்யும். கார் கம்பெனி வாங்கித் தன் சின்னம் போட்ட பெட்டியில் அடைத்தால் அது ‘ஓரி’. அதே தொழிற்சாலை தன் சொந்தப் பெட்டியில் அடைத்துக் கடைக்கு அனுப்பினால் நம் ஊரில் அதற்கு ‘ஓஇஎம்’ என்று பெயர். பல சமயம் உள்ளே இருப்பது ஒரே சாமான்தான், விலைதான் வேறு. சென்னையின் சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1990களிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி செய்து கொடுத்தது. அமெரிக்கர் ஒருவர் டீலரிடம் ‘ஒரிஜினல்’ மூடி கேட்டு வாங்கியபோது, அது தமிழ்நாட்டில் செய்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் அந்தத் தொழிற்சாலைகளே நேரடியாகச் சந்தையில் விற்கலாமே? இந்தியாவில் இந்தக் கேள்வி வழக்காகவே போனது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகம் செய்பவர்கள் அதை வெளிச்சந்தையில் விற்கவிடாமல் ஒப்பந்தம் போட்டுத் தடுத்தார்கள், வெளிப் பட்டறைகளுக்குப் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளைக்கூடக் கொடுக்கவில்லை என்பது ஆணையத்தின் முடிவு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனாலும் அந்தத் தீர்ப்பு ஒன்றை வெளிச்சம் போட்டுக் காட்டியது: டீலர் விலையில் சாமானின் தரம் ஒரு பங்கு, வேறு ஆள் விற்கக்கூடாது என்ற ஏற்பாடு இன்னொரு பங்கு.

மலேசியாவில் நமக்கு ஒரு வசதி உண்டு. 1985 ஜூலையில் வந்த முதல் புரோட்டோன் சாகா மிட்சுபிஷியின் வார்ப்பு. 1994ல் வந்த பெரோடுவா கஞ்சில் டைஹாட்சு மிராவின் தம்பி. 2005ல் வந்த மைவியும் டைஹாட்சு பூன், டொயோட்டா பாஸோ வழி வந்தது. ஜப்பானில் அந்தக் கார்களுக்குச் செய்த சாமான் இங்கேயும் பொருந்தும். லட்சக்கணக்கில் ஓடும் வண்டிகள் என்பதால் கடைகளும் போட்டி போட்டுச் சரக்கு வைத்திருக்கின்றன. ஐரோப்பியக் கார் வைத்திருப்பவருக்கு இந்தச் சுகம் இல்லை.

ஓரி என்றால் உடையாது என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். எக்ஸோரா போல்ட், பிரிவே, சுப்ரிமா எஸ் ஆகிய டர்போ கார்களில் ஆயில் கூலர் ஹோஸ் விட்டுப்போய், எஞ்சின் ஆயிலும் கூலண்டும் கலந்து சேறாகிப் போன கதை நம் பட்டறைகளில் எல்லாருக்கும் தெரியும். தொழிற்சாலையில் போட்ட அசல் ஹோஸ்தான் அது. கடைசியில் புரோட்டோனே கார்களை வரச்சொல்லி மாற்றிக் கொடுத்தது. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தது ஹோண்டா சிட்டியின் தக்காதா ஏர்பேக் வெடித்துச் சிதறியதால். அதுவும் காரோடு வந்த அசல் பாகம். உங்கள் காருக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கம்பெனியின் இணையத்தளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். மாற்றுவது இலவசம். பழைய கார் வாங்கியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், கம்பெனியின் கடிதம் பழைய உரிமையாளரின் வீட்டுக்குப் போயிருக்கும்.

எண்ணெயில் ஏமாறாதீர்கள்

பாகத்தைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். எண்ணெயை அப்படிப் பார்க்க முடியாது, ஊற்றிய பிறகு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆபத்து அதிகம் இருப்பதும் இங்கேதான்.

கியர்பாக்ஸிலிருந்து ஆரம்பிப்போம். 2011ல் சாகா எஃப்எல்எக்ஸில் தொடங்கிப் பல புரோட்டோன் கார்களில் பெல்ஜியத்தின் பஞ்ச் கம்பெனி செய்த சிவிடி கியர்பாக்ஸ் இருக்கிறது. இதில் பற்சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு உருளைகள், அவற்றுக்கு இடையில் நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகளைக் கோத்த ஒரு பட்டை. எஃகும் எஃகும் அழுந்தும் அந்தப் பிடிமானத்தில்தான் கார் நகர்கிறது. அதற்குள் ஓடும் எண்ணெய் உராய்வைக் குறைத்துத் தேய்மானத்தைத் தடுக்க வேண்டும், அதே சமயம் பட்டை வழுக்காத அளவுக்கு உராய்வை விட்டுவைக்கவும் வேண்டும். சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் பட்டை வழுக்கும், உருளையில் கீறல் விழும். அப்புறம் சில ஆயிரம் வெள்ளி வேலை. 2019ல் சாகாவுக்கு ஹூண்டாயின் நான்கு வேக கியர்பாக்ஸ் வந்துவிட்டது, அதற்கு எண்ணெய் வேறு. 2021ல் அட்டிவாவோடு வந்த பெரோடுவாவின் டி-சிவிடியில் பட்டையும் பற்சக்கரமும் சேர்ந்தே இருக்கும், அதற்கும் எண்ணெய் வேறு. ‘எல்லா வண்டிக்கும் ஆகும்’ என்று போத்தலில் அச்சடித்த கியர் எண்ணெயைக் கண்டால் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய்க்கு என் தீர்ப்பு: டீலரிடமே வாங்குங்கள். சில வருடங்களுக்கு ஒருமுறைதான் மாற்றுகிறோம், அங்கே மிச்சம் பிடிப்பதில் லாபம் இல்லை.

எஞ்சின் ஆயில் கதை நேர் எதிர். கார் கம்பெனிக்கு எண்ணெய்க் கிணறும் கிடையாது, சுத்திகரிப்பு ஆலையும் கிடையாது. டீலர் விற்கும் போத்தலையும் ஏதோ ஓர் எண்ணெய்க் கம்பெனிதான் நிரப்பித் தருகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு: கையேட்டில் சொன்ன பாகுத்தன்மை எண், போத்தலின் பின்புறம் வட்டத்துக்குள் இருக்கும் ஏபிஐ தர எழுத்து. 2020ல் வந்த ‘எஸ்பி’ தரம் அதற்கு முந்தைய பெட்ரோல் கார் தரங்களையெல்லாம் ஈடு செய்யும். புது மைவிக்கு 0டபிள்யூ-20 என்று கையேடு சொன்னால் அதையே ஊற்றுங்கள், பெயர் பெற்ற எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி. இருபது வருடம் ஓடிய கஞ்சிலுக்கு விலை உயர்ந்த முழுச் செயற்கை எண்ணெய் தேவையில்லை. செமி சிந்தெடிக் 10டபிள்யூ-40 வாங்கி நேரத்துக்கு மாற்றினால் போதும், அது பாட்டுக்கு ஓடும்.

இதில் பயப்பட வேண்டியது போலிக்கு. நல்ல கம்பெனியின் காலிப் போத்தலில் கழிவு எண்ணெயைக் காய்ச்சி வடிகட்டி நிரப்பி விற்கிறார்கள். உள்நாட்டு வாணிப அமைச்சின் சோதனைச் செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரியைப் போலவே பெட்டி, ஓரியைப் போலவே ஒட்டுத்தாள், விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. அந்த விலைதான் முதல் சாட்சி. போத்தலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், மூடியின் சீல் உடையும் சத்தம் கேட்க வேண்டும். ஊற்றி முடித்ததும் காலிப் போத்தலில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள். போலிக்காரனுக்கு அந்தப் போத்தல்தான் மூலதனம்.

பிரேக் எண்ணெயை நம் ஆட்கள் யாரும் கண்டுகொள்வதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140 வரை இறங்கலாம். டாட் 4க்கு 230, ஈரம் ஏறினால் 155. கிரியான் சமவெளியில், வயல் நடுவே நேராக ஓடும் ரோட்டில் பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய் இறங்கும்போதுதான் சோதனை. எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால் மிதிக்கட்டை பஞ்சு போல உள்ளே போகும், கார் நிற்காது. டீலர் போத்தல்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை, கையேட்டில் சொன்ன டாட் எண் இருந்தால் போதும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், திறந்து பாதி மிச்சம் வைத்த போத்தலை மறுபடி ஊற்றவிடாதீர்கள்.

கூலண்டில் நிறத்தை நம்புவது இன்னொரு மோசம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்காரன் கலக்கும் சாயம், அது தரத்தைச் சொல்லாது. பழைய வகைப் பச்சை கூலண்டின் துரு தடுப்பான் வேறு, இப்போதைய நீண்டகாலக் கூலண்டின் வேதியியல் வேறு. இரண்டையும் கலந்தால் ரேடியேட்டரின் நுண்ணிய வழிகளில் கசடு படியும். அலுமினியத் தலை உள்ள எஞ்சினில் வெறும் பைப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் வாட்டர் பம்ப் முதல் தலை கேஸ்கெட் வரை பழிவாங்கும். ஏற்கெனவே ஊற்றியது எது என்று தெரியாவிட்டால், முழுக்க வடித்துக் கழுவிவிட்டுக் கார் கம்பெனியின் கலந்த கூலண்டையே ஊற்றுவது புத்திசாலித்தனம்.

கூலி எங்கே அதிகமோ அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

எந்தப் பாகத்தை எங்கே வாங்குவது என்பதற்கு அனுபவப்பட்ட போர்மேன்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சாமானின் விலையைப் பார்ப்பதற்கு முன் அதை மாற்றும் கூலியைப் பார். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் செட் மாதிரி எதையெதையோ கழற்றினால்தான் கை போகும் பாகங்களுக்குக் கூலிதான் பெரிது. மலிவுச் சாமான் வருடம் தாங்காமல் போனால் கூலியை இரண்டு முறை அழ வேண்டும். 2004ல் புரோட்டோன் ஜென்-2வோடு வந்த கேம்புரோ எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். அங்கே பெல்ட்டில் மிச்சம் பிடித்த காசு எஞ்சின் வேலைக்கு முன்பணம் கட்டியதற்குச் சமம். ஓரியோ, கேட்ஸ், பேண்டோ போன்ற பெயருள்ள கம்பெனியின் பெல்ட்டோ வாங்கலாம். வெள்ளைப் பெட்டி கூடாது.

ஏர் ஃபில்டர், ஏர்கோன் ஃபில்டர், வைப்பர், பல்பு, கண்ணாடி மூடி? கையால் ஐந்து நிமிடத்தில் மாற்றலாம், பழுதானால் கார் நடுரோட்டில் நிற்கப்போவதில்லை. இதற்கெல்லாம் டீலர் விலை கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆயில் ஃபில்டரைப் பாருங்கள், சின்னச் சாமான், பெரிய பாடம். பழைய ஃபில்டரை உளியால் வெட்டித் திறந்து காட்டும் பட்டறைக்காரர்கள் உண்டு. நல்ல ஃபில்டரில் காகித மடிப்புகள் நெருக்கமாகவும் ஒரே இடைவெளியிலும் இருக்கும், வாய்ப்பக்கம் ரப்பர் வளையம் ஒன்று மிருதுவாக உட்கார்ந்திருக்கும். எஞ்சின் நின்ற பிறகு எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் பிடித்து வைப்பது அந்த வளையம்தான். மட்டமான ஃபில்டரில் மடிப்புகள் விரலிடுக்கு அகலத்துக்கு விரிந்து கிடக்கும், வளையம் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும். அப்படிப்பட்ட ஃபில்டர் போட்ட காரைக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் முதல் சில விநாடிகள் எஞ்சின் கடகடவென்று சத்தம் போடும். எண்ணெய் மேலே ஏறும்வரை இரும்பு காய்ந்து உரசும் சத்தம் அது. ஓரி ஃபில்டருக்கும் மட்டமான ஃபில்டருக்கும் விலை வித்தியாசம் ஒரு வேளை நாசி கண்டார் காசுகூட இருக்காது.

பிரேக் பேடும் அப்படியே. சத்தம் போடாத, பெயர் பெற்ற ஓஇஎம் பேட் நிறைய உண்டு. பெயரில்லாத பேட் மட்டும் வேண்டாம்.

ஆப்-கட் கடைகளைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஜப்பானில் வருடங்கள் கூடக் கூடப் பரிசோதனைச் செலவு ஏறும், நல்ல நிலையில் உள்ள கார்களையே கழித்துக்கட்டுவார்கள். முன்பாதியை அறுத்துக் கப்பலில் ஏற்றினால் இங்கே எஞ்சினும் கியர்பாக்ஸும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். 2009 அக்டோபரில் அறிவித்த தேசிய வாகனக் கொள்கையில், 2011 ஜூன் முதல் இந்த இறக்குமதிக்குத் தடை என்றார்கள். வியாபாரிகள் கொதித்தெழ, அது தள்ளிப்போனது. கஞ்சில் எஞ்சின் போன ஒருவருக்குப் புது எஞ்சின் என்பது காரின் விலையைவிட அதிகம். அவருக்கு ஆப்-கட் எஞ்சின் நியாயமான வழி என்றே நினைக்கிறேன். பிரேக், டயர், ரப்பர் பாகங்களை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

டீலர் பில்லில் ஒளிந்திருப்பது

டீலர் மையத்தில் செலவு ஏறுவதற்கு எப்போதும் ஓரி சாமான்தான் காரணம் என்று சொல்ல முடியாது. எஞ்சின் ஃபிளஷ், பெட்ரோலில் கலக்கும் மருந்து, ஏர்கோனுக்குப் புகை போடுவது என்று ஒவ்வொன்றாகப் பில்லில் ஏறும். பராமரிப்பு அட்டவணையில் அவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அதே சமயம் உத்தரவாதக் காலத்தில் டீலரை விட்டு விலகாதீர்கள். பெரோடுவா, புரோட்டோன் இரண்டும் ஐந்து வருடம் அல்லது 1,50,000 கிலோமீட்டர் கொடுக்கின்றன. சர்வீஸ் புத்தகத்தில் அவர்களின் முத்திரை விடாமல் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், எங்கள் பிராண்ட் சாமான் போடாவிட்டால் உத்தரவாதம் இல்லை என்று கம்பெனி நிபந்தனை போடுவதைத் தடுக்கிறது. அந்தக் கதையை நம்பி இங்கே ரிஸ்க் எடுக்க வேண்டாம், நம் கையில் இருக்கும் உத்தரவாதப் புத்தகத்தின் நிபந்தனைதான் நமக்குப் பேசும். ஐந்து வருடம் முடிந்த பிறகு நல்ல பட்டறை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விபத்து இன்சூரன்சிலும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. காருக்கு ஐந்து வயதானதும், பழைய பாகத்துக்குப் புது ஓரி பாகம் போட்டால் ‘பெட்டர்மெண்ட்’ என்று ஒரு பங்கை நம் தலையில் கட்டுவார்கள். ஐந்து வயதுக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதிலும் அதற்கு மேலும் 40 விழுக்காடு வரை. இதைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் காப்பை விற்கும் கம்பெனிகளும் உண்டு. ரோட்டேக்ஸ் புதுப்பிக்கும்போது கேட்டு வையுங்கள்.

கடைசியாக ரசீது. “என்ன சாமான், எந்தக் கம்பெனி” என்று எழுதாமல் வெறும் தொகை போட்ட துண்டுச்சீட்டை வாங்காதீர்கள். ஓரி என்று சொல்லி வேறொன்றை மாட்டியிருந்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பாரிட் புந்தாருக்கு அருகில்தான், வழி கேட்கலாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான வழக்கைச் சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் நீங்களே போடலாம். வக்கீல் வேண்டாம். பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி.